ஆறாம் நம்பர் அட்டை

மனைவி ஊரில் இல்லாத ஆண்கள் ராஜா மாதிரி இருப்பார்கள் என்பது, மனைவி ஊரில் இருக்கும் ஆண்கள் கிளப்பிவிட்ட வதந்தி. நானும் ஒரு காலத்தில் அதை நம்பியவன்தான். அக்டோபரில் வசந்தியை விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்று, சோபாவில் காலை நீட்டி, டிவி ரிமோட்டை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, 'இனி கேட்க ஆளில்லை' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரே வாரத்தில் அதே வாக்கியத்தை வேறு குரலில் சொல்ல வேண்டி வந்தது.

எங்கள் மகள் கீர்த்தனாவுக்கு ஆஸ்திரேலியாவில் பிரசவம். அம்மா துணைக்கு வேண்டும் என்றாள். வசந்தி ஆறு மாதத்துக்குப் புறப்பட்டாள். என்னையும்தான் கூப்பிட்டார்கள். குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று பெருந்தன்மையாக மறுத்துவிட்டேன். (அங்கே அந்த மாதங்களில் கோடைக்காலம் என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.)

அந்த வருடம்தான் நான் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றிருந்தேன். பம்புசெட் கம்பெனியில் கொள்முதல் பிரிவு. காலையில் எடுத்த போனை மாலையில்தான் கீழே வைப்பேன். இரும்புக் காஸ்டிங் வரவில்லை, தாமிரக் கம்பி வரவில்லை, லாரி வரவில்லை என்று நாள் முழுக்க யாரையாவது திட்டிக்கொண்டும், யாரிடமாவது திட்டு வாங்கிக்கொண்டும் இருந்தவன். அப்படிப்பட்டவனைச் சரவணம்பட்டி அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக உட்கார வைத்தால் என்ன ஆவான்? லிஃப்டில் வரும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் எல்லோரும் காதில் எதையோ செருகியிருப்பார்கள். ஒருநாள் அதில் ஒருவன் என் முகத்தைப் பார்த்து, "சாப்டீங்களா?" என்றான். நெகிழ்ந்துபோய், "ஆச்சு கண்ணு, உப்புமா" என்றேன். அவன் போனில் வேறு யாரையோ கேட்டிருக்கிறான்.

சில நாட்களில் என் வாயிலிருந்து வரும் முதல் பேச்சே, சாயங்காலம் பார்சல் கொண்டுவருகிறவரிடம் சொல்லும் ஓடிபி எண்ணாக இருக்கும். லோன் வேண்டுமா என்று போனில் கேட்ட பெண்ணிடம், "சாப்பிட்டியாம்மா, ஊரு எது?" என்று விசாரித்தேன். அவள் தன் கம்பெனியில் என்னைப் பற்றி என்ன சொன்னாளோ, அதற்குப் பிறகு எனக்கு லோன் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை.

இதெல்லாம் வசந்திக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் சட்டையை மாற்றிக்கொண்டு, சிரித்த முகமாக வந்து உட்காருவேன். என்னைக் காட்டிக்கொடுத்தது சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர்.

"ஏனுங்க, பொறத்தால காலண்டர்ல என்னங்க தேதி?"

"ஏன், இன்னைக்குத் தேதிதான்."

"கார்த்திகை தீபத்துக்கு முந்துன நாளைக் காட்டுது. தீபம் போயி எத்தனை நாளாச்சு?"

நான் திரும்பிப் பார்த்தேன். உண்மைதான்.

"ஒரு தாளைக் கிழிக்கக்கூட மனசில்லாம ஒக்காந்திருக்கறீங்க" என்றாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "நான் சனவரியிலயே வந்தர்றேனுங்க. டிக்கெட்ட மாத்திக்கலாம்."

அவளுக்குப் பின்னால் கீர்த்தனா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தை. தையல் இன்னும் ஆறவில்லை; மாப்பிள்ளைக்கு லீவு முடிந்துவிட்டது. அம்மா சொன்னது அவள் காதிலும் விழுந்தது. குழந்தையின் போர்வையைச் சரிசெய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் ஒருவனுக்காக அந்தப் பிள்ளையிடமிருந்து அவள் அம்மாவைப் பிடுங்குவதா?

"காலண்டர் கிழிக்க எனக்கு நேரம் எங்க இருக்குது?" என்றேன். "நான் துப்பாக்கி சுடற கிளாசுல சேர்ந்திருக்கறேன்."

ஏன் துப்பாக்கி என்று கேட்காதீர்கள். அன்று காலையில்தான் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. வார இறுதியில் இரண்டு நாள் ரைபிள் பயிற்சி முகாம், புதியவர்களும் வரலாம், முன்பு சுட்டுவிட்டு இடையில் விட்டவர்களும் வரலாம் என்று. ஒரு நிமிடம் முன்னால் யோகா விளம்பரம் வந்திருந்தால் யோகா என்றிருப்பேன்.

"நீங்களா?" என்றாள் வசந்தி. கேட்டதில் தப்பில்லை. எங்கள் வீட்டில் இத்தனை வருடமாகக் கரப்பான்பூச்சியை அடிப்பவள் அவள். நான் நாற்காலிமேல் ஏறி நின்று அது ஓடும் திசையை அறிவிப்பவன்.

பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். "சரிங்க, போயிட்டு வாங்க. ஞாயித்துக்கெழம மத்தியானம் கூப்புடுங்க. தனியா நிக்கற போட்டோ எனக்கு வேண்டாம். ஒரே ஒரு மனுசரோடயாவது நின்னு பேசிட்டிருக்கறதக் காட்டுங்க. இல்லீன்னா அன்னைக்கே டிக்கெட்ட மாத்திப்போடுவேன்."

ஆக, நான் இரண்டு நாளில் சுட வேண்டியது ஒரு நண்பரை.

சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கருமத்தம்பட்டி தாண்டி, மூடிப்போன ஒரு நூல் மில்லின் பின்பக்கத்தில் தகரக் கொட்டகை. மார்கழிப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டர், அதன்மேல் மஃப்ளர், தலையில் குரங்குக் குல்லா என்று நான் போய் இறங்கியபோது, வாட்ச்மேன் என்னைச் சுடவந்தவனாக நினைக்கவில்லை. பக்கத்து மருத்துவமனைக்கு வழி சொன்னார்.

பயிற்சியாளர் பிரியா என்ற இளம்பெண். அந்த ஊர்த் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. விசைத்தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது; தண்ணீர் வேண்டுமா என்பதையே அடுத்த தெருவுக்கும் சேர்த்துத்தான் கேட்பார்கள்.

"துப்பாக்கி வாய் எப்பவும் அந்தச் செவுத்தப் பாத்துத்தான் இருக்கோணும். நான் சொல்லாம யாரும் தொடக்கூடாதுங்க" என்று பிரியா சொன்னது, அவிநாசி சாலையில் போன லாரிக்காரர்களுக்கும் உபயோகமாக இருந்திருக்கும். "புதுசா வந்தவங்க இந்தப் பக்கம் வாங்க. முன்னால சுட்டுட்டு விட்டுப்போட்டு வந்தவங்க அந்தப் பக்கம் போங்க."

புதியவர்கள் பக்கம் ஒரே இளைஞர் கூட்டம். ஒரே நிறத்தில் பனியன் போட்ட ஒரு ஜோடி, ஆபீஸ் நண்பர்கள், அப்பாவும் மகளும் என்று எல்லோரும் ஆளோடு ஆளாக வந்திருந்தார்கள். விட்டுப்போய் வந்தவர்கள் பக்கம் ஒரே ஒருவர் நின்றார். அவரும் குரங்குக் குல்லா போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரரைக் கண்டது போலிருந்தது. நேராகப் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். (கல்லூரியில் தேசிய மாணவர் படையில் இருந்தபோது நான் ஐந்து குண்டு சுட்டிருக்கிறேன். அவை எங்கே போயின என்பது மதுக்கரை மலைக்குத்தான் தெரியும். ஆனாலும் கணக்கில் நானும் விட்டுப்போய் வந்தவன்தானே?)

அவர் பெயர் யூசுப் பாய். கோட்டைமேட்டில் பூட்டு, தாழ்ப்பாள், கீல் விற்கும் கடை. இளவயதில் நன்றாகச் சுட்டவராம். வலது கண்ணில் புரை எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"பசங்க கடையப் பாத்துக்கறாங்க. அத்தா, நீங்க சும்மா ஒக்காருங்கங்கறாங்க. புது வண்டி வாங்குனா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கோணுமில்லீங்க? புதுக் கண்ணு மட்டும் சும்மாவா? அதான் வந்துபோட்டேன்" என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வாக்கியங்களை என்னைப் பார்த்து ஒருவர் சேர்ந்தாற்போல் பேசி எத்தனை நாளாயிற்று. நானும் என் கதையை ஆரம்பிக்க மூச்சை இழுத்தேன். அந்த நேரம் பார்த்து பிரியா வந்து, ஆளுக்கு ஒன்றாகக் காது மூடியைக் கொடுத்துவிட்டுப் போனாள். காற்றுத் துப்பாக்கிதான், ஆனாலும் தகரக் கூரையில் சத்தம் பட்டுத் தெறிக்கும், எல்லோரும் காதை மூடியே ஆகவேண்டும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உலகத்தில் எத்தனையோ வகுப்பு இருக்கிறது. சமையல் வகுப்பில் பேசிக்கொண்டே வெங்காயம் நறுக்கலாம். பஜனை வகுப்பில் பாடவே செய்யலாம். பேச்சுத்துணை தேடிக் கிளம்பிய நான், அத்தனையையும் விட்டுவிட்டு, எல்லோரும் காதை அடைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து சுவரைப் பார்க்கும் ஒரு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்.

அடுத்து கண் சோதனை. இரண்டு கைகளாலும் சின்ன ஓட்டை மாதிரி செய்து அதன் வழியாகத் தன் மூக்கைப் பார்க்கச் சொன்னாள் பிரியா. பார்த்தேன்.

"சார், குறி பாக்கறதுல உங்களுக்கு எடது கண்ணுதான் முந்துது. நீங்க வலது கையில சுடறீங்க. எடது கண்ண மறைச்சுக்கலாங்களா?"

கேள்வி மாதிரி இருந்ததே தவிர, கேள்வி இல்லை. என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இடது பக்கத்தில் வெள்ளை பிளாஸ்டரை ஒட்டிவிட்டாள். குரங்குக் குல்லா, அதன்மேல் காது மூடி, அதற்குக் கீழே ஒரு கண் அடைத்த கண்ணாடி. உற்சாகமாக இருப்பதைக் காட்ட, கட்டைவிரலை உயர்த்தி ஒரு போட்டோ எடுத்து வசந்திக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"யாருங்க அடிச்சாங்க?"

அன்று முழுவதும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் இருந்த மணல் பையில் துப்பாக்கியைத் தாங்க வைத்துச் சுட்டுப் பழகினோம். எனக்கு ஐந்தாம் நம்பர் இடம், பாய்க்கு ஆறு. எதிர்ச் சுவரில் ஆளுக்கு ஒரு டார்கெட் அட்டை. நடுவில் கறுப்பு வட்டம், மேலே இடத்தின் நம்பர். இந்தப் பக்கம் பாய், அந்தப் பக்கம் பனியன் ஜோடி. கைநீட்டினால் தொடும் தூரத்தில் மனிதர்கள். ஆனால் காதுக்குள் என் வீட்டுச் சோபாவில் கேட்கும் அதே அமைதி. ஒருமுறை பொறுக்கமாட்டாமல் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, பாயின் தோளைத் தொட்டு, "எத்தனை பசங்க உங்களுக்கு?" என்றேன். அவர் மூடியைத் தூக்கி, "என்னுங்க?" என்றார். "அஞ்சாம் நம்பர், லைன்ல பேச்சு வேண்டாங்க சார்" என்று பிரியாவின் குரல் எங்கள் இரண்டு பேரின் காது மூடியையும் துளைத்துக்கொண்டு வந்தது. மத்தியானம் பேசலாம் என்று பார்த்தால், பாய் காரில் போய்க் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் திறமை இருந்தது.

"மூச்ச மெதுவா விடுங்க" என்று பிரியா சொல்லிக்கொடுத்தாள். "அடுத்த மூச்சு வாரதுக்குள்ள ஒரு எடம் இருக்கும், ஒண்ணுமே இல்லாத எடம். அங்கதான் சுடோணும்."

அது எனக்கு நன்றாகப் பழகிய இடம். அக்டோபரிலிருந்து நான் அங்கேதான் குடியிருந்தேன்.

"இத்தனை பேர்ல நீங்கதான் சார் துளிகூட ஆடாம ஒக்காந்திருக்கறீங்க. யோகா பண்றீங்களா?"

"இல்லம்மா. ரிட்டயர்டு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசி நிகழ்ச்சியாக ஒரு சின்னப் போட்டி. ஆளுக்குப் பத்து குண்டு. முதல் பரிசு எவர்சில்வர் டிபன் கேரியர். எனக்கு டிபன் கேரியரைப் பற்றிக் கவலையில்லை. மத்தியானம் வசந்தியைக் கூப்பிட வேண்டும். என்னிடம் இன்னும் ஒரு மனிதரோடும் நிற்கும் போட்டோ இல்லை.

டீ இடைவேளையில் எல்லோரும் காது மூடியைக் கழற்றினார்கள். விட்டால் போச்சு என்று, என் நாற்காலியைப் பாய் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அடேயப்பா, என்ன பேச்சு பேசினோம். பூட்டு வியாபாரம், பம்பு வியாபாரம், கண்ணுக்கு விடும் மருந்து, என் பேரன் பிறந்த எடை, பாயின் மூத்த மருமகள் வைக்கும் தால்ச்சா. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. போட்டோ எடுக்கலாமா என்று கேட்டேன்.

"போட்டி முடியட்டுங்க. அட்டையக் கையில புடிச்சிட்டே ரெண்டு பேரும் நிக்கலாம்" என்றார்.

பிரியா விசில் அடித்தாள். காது மூடிகள் ஏறின. மற்ற நேரமாக இருந்தால் நாற்காலியைத் தூக்கிப் பழைய இடத்தில் போட்டிருப்பேன். ஆனால் பாயிடம் ஒரு விஷயம் பாதியில் நின்றிருந்தது. (ஈரோட்டில் என் சம்பந்தி வீட்டு விசேஷத்தில் என் செருப்பு தொலைந்த கதை.) முடிந்த கையோடு அதைச் சொல்லிவிடலாம் என்று, நாற்காலியை அங்கேயே விட்டு, இருந்தபடியே சுவர்ப் பக்கம் கொஞ்சமாகத் திருப்பி, மணல் பையையும் மேசை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு துப்பாக்கியை எடுத்தேன்.

பிரியா சொல்லிக்கொடுத்த ஒரு வழி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு உடம்பைத் தளர்த்திவிட வேண்டும். பிறகு கண்ணைத் திறந்தால், உடம்பு தானாக எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது தெரியும். வட்டம் துப்பாக்கியில் குறி பார்க்கும் ஓட்டைக்குள் இல்லாவிட்டால் நாற்காலியை நகர்த்த வேண்டும். அதை வரி பிசகாமல் செய்தேன். கண்ணை மூடினேன். தளர்ந்தேன். திறந்தேன். கறுப்பு வட்டம் குழந்தை மாதிரி நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. நாற்காலியை நகர்த்த வேண்டிய அவசியமே இல்லை. மேலே எழுதியிருந்த நம்பர் மட்டும் கொஞ்சம் மங்கல். ஒரு கண்ணுக்கு எவ்வளவுதான் வேலை கொடுப்பது என்று விட்டுவிட்டேன்.

மூச்சை விட்டேன். ஒன்றுமே இல்லாத இடம் வந்தது. சுட்டேன்.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நன்றாக எதையும் செய்ததில்லை. ஒவ்வொரு குண்டும் போன பிறகு உடம்பு முழுக்க ஓர் இதம். அடித்த குண்டைப் பார்க்கும் தொலைநோக்கி பாயின் மேசையில் இருந்தது. எனக்கு அது தேவைப்படவும் இல்லை, பட்டது கையிலேயே தெரிந்தது. நடுவில் ஒருமுறை பக்கத்தில் பார்த்தேன். பாய் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை பார்த்தபோது தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. பாவம், வயதாகிவிட்டது, களைத்துவிட்டார் என்று நினைத்தேன். ஜெயித்த பிறகு அவருக்கு என்ன ஆறுதல் சொல்வது என்றுகூட யோசித்து வைத்தேன்.

அட்டைகளை மாட்டியிருந்த கயிற்றை இழுத்ததும் அவை ஒவ்வொன்றாக எங்களிடம் வந்தன. என் அட்டை வந்தது. அதில் ஒன்றுமே இல்லை. ஒரு கீறல், ஒரு அழுக்கு இல்லை. அடுத்த முகாமுக்கு அப்படியே மாட்டலாம். பிரியா அதை வாங்கி, பின்பக்கம் திருப்பி அங்கேயும் பார்த்தாள்.

"சார், நீங்க சுட்டீங்களா?"

"பத்தும் சுட்டேன்மா."

"அஞ்சாம் நம்பருக்கு ஒண்ணுமே இல்லீங்க" என்று பிரியா சாதாரணமாகத்தான் சொன்னாள். கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அந்த நேரத்தில் பாய் என் கையைப் பிடித்தார். "சார், ஒரு ஒதவி பண்ணுங்க. என்ற பையனுக்குப் போன் போட்டு ஒடனே வரச் சொல்லுங்க. கண்ணு போயிருச்சுங்க."

"என்ன பாய் சொல்றீங்க?"

"மொத குண்டு சுட்டுப்போட்டுப் பாத்தேன். ரெண்டு ஓட்டை தெரிஞ்சுது. சரி, கண்ணு ஒண்ண ரெண்டாக் காட்டுதுன்னு நெனச்சேன். இன்னொண்ணு சுட்டேன். நாலு. பயந்துபோயி துப்பாக்கிய வெச்சுப்போட்டேன். அதுக்கப்பறமும் ஓட்டை விழுந்துட்டே இருக்குதுங்க. நான் தொடவே இல்லீங்க."

பிரியா ஆறாம் நம்பர் அட்டையை எடுத்துப் பார்த்தாள். ஓரத்தில் தனித்தனியாக இரண்டு ஓட்டை. நடுவில், ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம் போல நெருக்கமாக ஒரு கூட்டம். பிறகு என் நாற்காலியைப் பார்த்தாள். அதன் பின்னால் போய்க் குனிந்து, அது பார்க்கும் திசையைப் பார்த்தாள்.

"சார், ஏனுங்க நாற்காலிய இப்படித் திருப்பிப் போட்டிருக்கறீங்க?"

ஆயிரம் பொய் சொல்லியிருக்கலாம். தரை சமமாக இல்லை என்றிருக்கலாம். கொள்முதல் பிரிவில் இருந்தவனுக்குப் பொய்க்கா பஞ்சம்? ஆனால் வாயில் வந்தது உண்மை.

"பாய்கூடப் பேசறதுக்கு இழுத்துப் போட்டேன்மா."

"பேசறதுக்குங்களா?" என்றாள் பிரியா, தறிக்காரர் வீட்டுக் குரலில்.

எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளை அட்டைக்காகச் சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். இதற்கு என்னால் முடியவில்லை. அத்தனை நாள் வீடியோவில் சட்டை மாற்றி, முகத்தை மாற்றி மறைத்து வைத்தது, யாரென்றே தெரியாத கூட்டத்தின் நடுவில், பிளாஸ்டர் ஒட்டிய கண்ணாடியோடு வெளியே வந்து விழுந்துவிட்டது. பனியன் ஜோடியில் அந்தப் பெண் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

பாய்க்கு இதெல்லாம் காதில் விழவே இல்லை. அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப இத்தனையும்..."

"நான் சுட்டதுங்க பாய். உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க. இருந்ததத்தான் அது காட்டியிருக்குது."

அவர் அப்படியே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு குரங்குக் குல்லாவும் மோதின. அக்டோபருக்குப் பிறகு ஒரு மனிதர் என்னை அணைத்தது அப்போதுதான். கொஞ்ச நேரம் விடாமல் இருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.

அடுத்தவர் அட்டையில் சுட்டால் சுட்டவருக்குப் பூஜ்யம் என்பது விதி. பிரியா அதைச் சொல்லிவிட்டு, "சொந்த அட்டையில போட்டிருந்தா மொதப் பரிசு உங்களுக்குத்தானுங்க சார்" என்றாள். டிபன் கேரியரை பனியன் ஜோடி வாங்கிக்கொண்டு போனது.

ஆளுக்கு ஓர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் பாயும் நிற்கும் போட்டோ வசந்திக்குப் போனது. அடுத்த நிமிடமே அவள் வீடியோவில் வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் போனை வாங்கிக்கொண்டு, "வணக்கங்க தங்கச்சி, உங்க ஊட்டுக்காரரு என்ன பண்ணிப்போட்டாருன்னு கேளுங்க" என்று முழுக் கதையையும் அவரே சொன்னார். சொல்லச் சொல்ல ஓட்டைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. வசந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கீர்த்தனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, சிரிக்க வெக்காதீங்கப்பா, தையல் வலிக்குது" என்றாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

சிரித்து முடித்த பிறகு வசந்தி கேட்டாள். "அப்ப நான் மார்ச்சு வரைக்கும் இருக்கட்டுங்களா?"

"தாராளமா இருந்துட்டு வா. எனக்கு இங்க நேரமே பத்தறதில்லை" என்றேன்.

அவள் போனைக் கிட்டே கொண்டுவந்து என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

பாயின் மகன் காரோடு வந்து அவரை அழைத்துப் போனார். கடைப் பக்கம் வாருங்கள் என்று பாய் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். நான் சரவணம்பட்டிக்கு வந்து, கதவைத் திறந்து, முதல் வேலையாகக் காலண்டரில் நின்றிருந்த நாட்களை மொத்தமாகக் கிழித்தேன். கை நிறையத் தாள். சோபாவில் உட்கார்ந்தேன். சொல்வதற்கு அருமையான கதை ஒன்று என்னிடம் இருந்தது. கேட்க வேண்டியவளுக்கு அதை வேறொருவர் சொல்லி முடித்துவிட்டார். வசந்தி வரக்கூடாது என்று குறிவைத்தேன், குறி தப்பவில்லை. ஜெயித்தவனுக்கு அப்படி ஒரு அழுகை வரும் என்று எனக்குத் தெரியாது.

பாய் கடைக்கு அடிக்கடி போனேன். கடையில் சும்மா உட்கார்ந்து பேச எனக்குக் கூச்சம். போகும்போதெல்லாம் எதையாவது வாங்கிவிடுவேன். இன்றைக்கு எங்கள் வீட்டில் கதவுகளைவிடத் தாழ்ப்பாள்கள் அதிகம்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் 'ஆறாம் நம்பர்' என்பது எனக்கு வைத்த பெயராகிவிட்டது. கல்யாண மண்டபத்தில் தெரியாதவர் ஒருவருக்குக் கைகொடுத்து நலம் விசாரித்தால், "ஆறாம் நம்பர்" என்பார் மாப்பிள்ளை. பேரனுக்கு வாங்கிய சட்டை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சரியாக இருந்தால், "ஆறாம் நம்பர்" என்பாள் கீர்த்தனா. வீட்டுக்கு எந்த ஒறம்பரை, விருந்தாளி வந்தாலும் வசந்தி காபி கொடுத்த கையோடு இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக் காட்டுவாள். பிரியாவின் குரலில் பேசுவாள்.

போன மாதம் அப்படித்தான் வந்தவர்கள் சிரித்துவிட்டுக் கிளம்பினார்கள். வசந்தி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அன்னைக்கு நான் மார்ச்சு வரைக்கும் இருக்கட்டுங்களான்னு கேட்டனில்லீங்க? வந்துருன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சுட்டிருந்தேன்."

"சொல்லியிருந்தா வந்திருப்பியே. பிள்ளைக்கு யார் துணை? அதனாலதான் சொல்லலை."

"நான் எங்கிங்க வந்திருப்பேன்? அவளப் பச்ச ஒடம்போட விட்டுப்போட்டு வருவனா? டிக்கெட்ட மாத்தறேன்னது மனசு கேக்காம சொன்னதுங்க. வரமாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க கூப்புடோணும்னு இருந்துச்சு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் போனையே பாத்துட்டிருந்தேன். நீங்க நேரம் பத்தறதில்லைன்னு போட்டீங்க பாருங்க, குறி தப்பாம."

டம்ளர்களோடு சமையலறை வரை போனவள் அங்கே நின்று திரும்பினாள்.

"அதுவும் ஆறாம் நம்பர்தானுங்க, மாமா" என்றாள்.